செத்தவளாகப் படுக்க மாட்டேன்

என்னைச் செத்தவளாகப் படுக்கச் சொன்னார்கள். நான் படுக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். இதில் வீரம் ஒன்றும் கிடையாது. கோபம்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை எனக்கு. கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. வேலை கம்பெனிக்கு, சம்பளம் காண்டிராக்டரிடம். கம்பெனி ஆட்களுக்குக் கழுத்தில் நீலக் கயிற்றில் கார்டு தொங்கும். எங்களுக்குப் பச்சைக் கயிறு. அந்தக் கட்டிடத்தில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது கயிற்றின் நிறத்தில் இருக்கிறது. வீடு அடுகோடி ஏரியாவில். லேத் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் நடுவில் ஒரு சந்து, அதில் ஷீட் போட்ட வீடு. மழை பெய்தால் உள்ளே பேசுவது காதில் விழாது. வெயில் அடித்தால் உள்ளே உட்கார முடியாது.

கட்டிடத்துக்குக் கீழே கார் நிறுத்த இரண்டு அடுக்கு. அடி அடுக்கில், மோட்டார் ரூமுக்குப் பின்னால், எங்களுக்கு ஓர் அறை உண்டு. யாரும் பெரிய மனது பண்ணிக் கொடுக்கவில்லை. கேன்டீனில் நாங்கள் டப்பாவைத் திறந்தால் கருவாடு நாறுகிறது என்று நீலக்கயிறு ஒருவர் மெயில் போட்டார். அதற்கப்புறம் எங்களைக் கீழே தள்ளினார்கள். ஜன்னல் கிடையாது. ஜெனரேட்டர் போட்டால் சுவர் அதிரும். டீசல் வாசனையும் பினாயில் வாசனையும் எப்போதும் இருக்கும். ஆனாலும் அது எங்கள் அறை. நாங்களே சுண்ணாம்பு அடித்தோம். நான் ஓர் ஆத்தா படம் மாட்டினேன். கூட வேலை செய்கிறவள், தொம்மலூர்க்காரி, பௌத்தக் குடும்பம், அவள் ஒரு புத்தர் காலண்டர் மாட்டினாள். சேலையை மாற்றிச் சீருடை போடுவது அங்கே. சாப்பாடு அங்கே. மாதவிடாய் வலி தாங்காமல் ஒருத்தி சுருண்டு படுப்பதும் அங்கேதான். சட்டம் ஒன்றே ஒன்று: செருப்பு வெளியே. சோறு தின்கிற இடத்தில் செருப்பு வரக் கூடாது. மேலே இருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் மட்டும் ஷூவோடு உள்ளே வருவார்கள். போன பிறகு தரையைக் கழுவி விடுவோம். ஷூவைக் கழற்றச் சொல்லிக் கேட்டதில்லை. கழுவுவோம், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் டிவியைத் திறந்தால் சண்டை, சண்டை என்று கத்தினார்கள். பெரிய ஆபீஸ்கள் எல்லாம் சைரன் ஒத்திகை நடத்த வேண்டும் என்று எங்கிருந்தோ உத்தரவு வந்தது. சிவில் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், நரைத்த மீசை. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேன்டீனில் கூட்டம். நீலக்கயிறு நாற்காலியில், பச்சைக்கயிறு பின்னால் சுவரோரம் நின்றுகொண்டு. அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று அவர் சொன்னார். வெளிச்சத்தைப் பார்க்காதே, குப்புறப் படு. காற்று அடித்து ஓய்ந்ததும் கட்டிடத்துக்குள் ஓடு. கெட்டிச் சுவரும் கெட்டிக் கூரையும் வேண்டும். தரைக்குக் கீழே என்றால் ரொம்ப நல்லது. மேலே போன மண்ணெல்லாம் விஷத் தூசியாகத் திரும்பி இறங்கும், அது உன் மேல் படக் கூடாது. மேல் துணியையும் செருப்பையும் கழற்றி வெளியே போடு. சோப்புப் போட்டுக் குளி. தலைக்கு ஷாம்பூ போடலாம், கண்டிஷனர் கூடாது, அது தூசியை முடியோடு ஒட்ட வைத்துவிடும். கதவைச் சாத்து. ஒரு நாளாவது உள்ளேயே இரு. ரேடியோவில் சொன்னால்தான் திற.

தொம்மலூர்க்காரி என் காதில் சொன்னாள்: "நமக்கு சீயக்காவே நாள் கிழமைக்குத்தான். நாம தப்பிச்சோம்க்கா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன். "சார், எங்க வூட்டுக்கு ஷீட்டுதான். ராத்திரி வூட்ல இருக்கப்ப விழுந்தா எங்க போறது?"

"பக்கத்தில் பக்கா பில்டிங் இருக்குமே அம்மா. அங்கே போகணும்."

"இருக்குது சார். அபார்ட்மென்ட்டு. பகல்ல எங்க சந்துப் பொம்பளைங்க வூட்டு வேலைக்குப் போனாலே வாட்ச்மேன் பையைப் பிரிச்சுப் பாத்துதான் உள்ள வுடுவான். குண்டு வுழுந்த அன்னிக்கு மட்டும் வுடுவானா?"

அவர் மீசையைத் தடவினார். "அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா," என்றார். பசப்பாமல் இல்லை என்று சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஒன்று உறைத்தது. கெட்டிச் சுவர், கெட்டிக் கூரை, தரைக்கு அடியில் என்று அவர் சொன்னதெல்லாம் இந்த ஊரில் எனக்கு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. கருவாட்டுக்காக எங்களைத் தள்ளிய அந்த அறை.

அதை அவரும் கண்டுபிடித்துவிட்டார். கட்டிடம் முழுக்கச் சுற்றி வந்து, எங்கள் அறைச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, "இதுவே பெஸ்ட்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் ஒத்திகை கேலிக்கூத்து. எங்கள் கட்டிடத்தில் மணி அடித்தால் எல்லாருக்கும் ஒன்றுதான் தெரியும். தீயணைப்பு ஒத்திகை. படியில் இறங்கு, வெளியே போ, கொடிக்கம்பத்துப் பக்கம் மைதானத்தில் நில். வருஷா வருஷம் செய்து கால் பழகிவிட்டது. சைரன் ஊதியது. நீலம், பச்சை, காவல்காரர்கள், சமையல்காரர்கள் என்று மொத்தக் கட்டிடமும் இறங்கி வெட்டவெளியில் போய் நின்றது. பாதிப் பேர் போனைத் தூக்கி வானத்தைப் படம் எடுத்தார்கள். அணுகுண்டுக்கு வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்த ஜனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். நானும் அதில் ஒருத்தி. துடைப்பத்தோடு நின்றேன்.

பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். "எல்லாரூ சத்துஹோத்ரி! எல்லாரும் செத்தாச்சு! ஒருத்தர்கூட மிச்சம் இல்லை!"

எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம். அந்தக் கட்டிடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து, நாங்களும் அவர்களும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஒன்றாகச் செத்தோம்.

அடுத்த வாரம் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கட்டிடப் பராமரிப்பு மேனேஜர். சின்னப் பிள்ளை, ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் தம்பி என்போம். மேலே இருந்து வருகிற உத்தரவை வெல்லம் தடவிக் கொடுக்கிற வேலை அவருக்கு.

"அக்கா, ஒரு நல்ல சேதிங்க. நம்ம கீழ் ரூமுதான் இனிமே ஷெல்டருங்க. தண்ணி கேனு, பிஸ்கட்டு, ஃபர்ஸ்ட் எய்டு எல்லாம் வெக்கறாங்க."

"சரி தம்பி. வெக்கட்டும்."

"அதனால அந்த ரூமை நீங்க கொஞ்சம் காலி பண்ணிக் குடுக்கணுங்க. குப்பை பிரிக்கற இடத்துல ஒரு ஷெட்டு போட்டிருக்கோம். அங்க மாத்திக்கலாங்க. ரெண்டாவது ஒத்திகை முடிஞ்ச மறுநாள்."

"ஷெட்டுன்னா?"

"ஷீட்டுதாங்க்கா. புது ஷீட்டு."

எனக்குக் காது சூடானது. "அப்ப சைரன் ஊதுனா நாங்க எங்க போறது தம்பி?"

"நீங்க வழக்கமான எடத்துக்கே போலாங்க்கா. கொடிக்கம்பம்."

"வெட்டவெளிக்கு."

"ரூமு சின்னதுங்க்கா. மேல இருக்கறவங்களுக்கே பத்தாது." அவர் என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னார். "அப்புறம் இந்த ஒத்திகையில அடிபட்டவங்க, செத்தவங்க வேணும்னு சார் கேக்கறாரு. ஸ்ட்ரெச்சர் டீமு பழகணுமாம். ஸ்டாஃபு ஷெல்டருக்கு வந்துட்டு ஒடனே மீட்டிங்குக்குப் போகணுங்க. அதனால நீங்க செத்தவங்களா படுத்துக்கங்க. சும்மா படுத்திருந்தாப் போதும். முடிஞ்சதும் டீ, சமோசா உண்டுங்க."

தொம்மலூர்க்காரிதான் வாயைத் திறந்தாள். "சாவு வூட்டுக்கு வர்றவங்களுக்கு டீ குடுக்கறது பாத்துக்கீறேன். செத்தவளுக்கே டீ குடுக்கற எடம் இதான் தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "மொதல்ல எல்லாருந்தான செத்தோம்? இப்ப எங்கள மட்டும் ஏன் சாவடிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா நடிப்புதாங்க்கா. இதுக்குப் போயி..."

இதுக்குப் போயி. இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! கப்பில் டீ குடிக்காதே, பிளாஸ்டிக் டம்ளரில் குடி என்றார்கள், இதுக்குப் போயி. லிஃப்டில் வராதே என்றார்கள், இதுக்குப் போயி. இப்போது குண்டு விழுந்தால் நீ வெளியே நில் என்கிறார்கள், அதற்கும் இதுக்குப் போயி. பொய்யாகச் சாவதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் இன்றைக்கு நாங்கள் படுத்துப் பழகுவோம், அவர்கள் எங்களை வெளியே பார்த்துப் பழகுவார்கள். மைதானத்துக்கு ஓடி ஓடி எங்கள் கால் எப்படிப் பழகியது என்று பார்த்தேன் அல்லவா? அதே மாதிரி இதுவும் பழகிவிடும். நிஜமாக விழுகிற நாளில் எங்கள் இடம் எதுவென்று யாரும் யோசிக்கக்கூட வேண்டியிருக்காது.

ஒத்திகை நாள் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். நல்ல வெயில். கொடிக்கம்பத்துப் பக்கம் சிமெண்ட் கல் பாவிய தரை தோசைக்கல் மாதிரி கிடந்தது. அடிபட்டவருக்குச் சிவப்பு ரிப்பன், செத்தவருக்குக் கறுப்பு. எங்கள் எல்லார் கையிலும் கறுப்புக் கட்டினார் மேனேஜர். சிவப்புகூட எங்களுக்கு இல்லை. கறுப்பு ரிப்பன்காரரை யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள், கடைசியில் தூக்கிப் போவார்கள் என்று அவரே விளக்கமும் சொன்னார்.

தொம்மலூர்க்காரி தரையில் உட்கார்ந்து உடனே எழுந்தாள். "அய்யே, சுடுதுடி! சாவறதுக்கு முன்னாடியே கொள்ளி வெச்சுட்டாங்க."

சைரன் ஊதியது. எனக்குள் ஏதோ அறுந்தது. திட்டம் போட்டு வைத்திருந்தேன் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சத்தியமாக இல்லை. படுக்கச் சொன்ன தரையைப் பார்த்தேன். "வாங்கடி, நம்ம ரூமுக்குப் போலாம்," என்றேன். அவ்வளவுதான் சொன்னது.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கார் இறங்குகிற சரிவில் எல்லாரும் ஓடினோம். சீருடைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்து டிரைவர்கள் நிஜமாகவே குண்டு விழுந்துவிட்டது என்று நினைத்து அவர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினோம். பயத்திலும் அது மறக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். கீழ் இடுக்கில் மாப் துணியை நனைத்து அடைத்தோம். ஆத்தா படத்துக்குக் கீழே கம்பெனி வைத்த தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. அதன் மேல் எங்கள் சாப்பாட்டு டப்பாக்கள். எல்லாரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். ஒருத்தி அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டினார்கள்.

"அக்கா, கதவைத் திறங்க."

"யாரு?"

"நான்தாங்க்கா. ஒத்திகைக்குப் பேர் குடுத்த ஸ்டாஃபெல்லாம் வந்து நிக்கறாங்க."

"ரேடியோல சொல்லாம தொறக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரே தம்பி."

"விளையாடாதீங்க்கா. நீங்க செத்தவங்க. உள்ள இருக்கக் கூடாது."

"செத்தவங்க பேசுவாங்களா? நாங்க பேசறோமில்ல?"

எங்களோடு உள்ளே வந்துவிட்ட டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கதவைத் திறக்க மனம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வெளியே முணுமுணுப்பு கேட்டது. ஹீல்ஸ் சத்தம் கேட்டது. நிற்கட்டும், கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் ஒரு நாள் தெரியட்டும் என்று தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

தொம்மலூர்க்காரி எழுந்து வந்தாள். சிரிப்பே இல்லாமல் பேசினாள். "அக்கா, ஆளை வெளிய நிறுத்தறது அவங்க புத்தி. நமக்கு எதுக்கு அது?"

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. திறந்தேன். திறந்துவிட்டு வாசலில் குறுக்கே நின்றேன்.

"எல்லாரும் வரலாம். எடம் பத்தும், ஒட்டி உக்காந்தா பத்தும். ஷூவக் கழட்டிட்டு வாங்க."

மேனேஜர் நெளிந்தார். "அக்கா, மேடம்ங்க, சார்ங்க எல்லாம்..."

"விஷத் தூசி செருப்புல வரும்னு அவங்களுக்குந்தான சொன்னாரு? அது இல்லன்னாலும் இது நாங்க சோறு துன்ற எடம். கழட்டிட்டு வரட்டும்."

முன்னால் நின்ற ஒரு பெண், நீலக்கயிறு, சின்ன வயசு, குனிந்து ஷூவைக் கழற்றினாள். அவளுடைய சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. சிரித்துக்கொண்டே கால்விரலை மடக்கிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். சிலர் முறைத்தார்கள். ஒருவர் திரும்பி மேலே போய்விட்டார். போகட்டும். மற்றவர்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள், எங்களுக்கு நடுவில், முழங்கால் இடிக்க. பத்தாது என்று சொன்ன அறையில் எல்லாரும் இருந்தோம். வாசலில் ரப்பர் செருப்பும் லெதர் ஷூவும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

பயிற்சியாளர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். குவியலைப் பார்த்தார். "ஷூ எல்லாம் ஹொரகடே! எல்லாம் வெளியே! வெரி குட்! யார் ஐடியா?" என்றார். அப்புறம் முகம் மாறியது. "மேனேஜர், என் ஸ்ட்ரெச்சர் டீம் வெயிலில் நிற்கிறது. செத்தவங்க எல்லி? எங்கே?"

மேனேஜர் எங்கள் கையில் இருந்த கறுப்பு ரிப்பனைக் காட்டினார்.

"சாக எங்களுக்கு இஷ்டமில்ல சார்," என்றேன்.

அவர் ரிப்பனையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "செத்தவங்க எல்லாருமே இவங்களா?" என்று மேனேஜரைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

சாயங்காலம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேலே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார் போல. கண் சிவந்திருந்தது. "அக்கா, உங்களை வேற சைட்டுக்கு மாத்தச் சொல்றாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நாளைக்கு ரூமையும் காலி பண்ணிருங்க."

நான் கெஞ்சவில்லை. "மாத்து. எங்க போட்டாலும் துடைக்கத்தான போறேன். ரூமு மட்டும் காலி ஆவாது. பொம்பளைங்க யாரும் ஒரு டப்பாவக்கூட எடுக்க மாட்டாங்க. நீயே வந்து தூக்கிப் போடு, பாக்கலாம்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். அப்போதுதான் அவர் கழுத்து என் கண்ணில் பட்டது. எத்தனையோ நாள் பார்த்த கழுத்து. கயிறு பச்சை. அவரும் காண்டிராக்ட் ஆள்தான். சட்டையை இன் பண்ணி, லேப்டாப் பையை மாட்டியிருந்ததால் எங்களுக்கும் மறந்துவிட்டது, அவருக்கும் மறந்துவிட்டது.

"தம்பி, நெசமா குண்டு வுழுந்தா நீ எங்க நிப்ப?"

"நானுங்களா? கேட் கிட்ட. மைக் வெச்சுகிட்டு எல்லாரையும் உள்ள அனுப்பணும்."

"அனுப்பிட்டு?"

அவர் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றினார்.

"உள்ள உனுக்கு எடம் போட்டுக்கீறாங்களா?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். "ஊருல எங்கம்மா கேட்டாங்க," என்றார். "டிவில போர்னு சொல்றாங்களே, உங்க ஆபீசுல பத்திரமா எடம் இருக்குதான்னு. இருக்குதும்மான்னு சொன்னேன்."

எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. "ரிப்பன் கட்டுனப்ப உன் கைக்கும் ஒண்ணு கட்டியிருக்கணும் தம்பி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் கீழ் அறையில் உட்கார்ந்திருந்தோம், யார் வந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று. யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மேலே அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் மாற்றல் உத்தரவும் வரவில்லை. குப்பை ஷெட்டில் பழைய அட்டைப்பெட்டிகளைப் போட்டார்கள். அறைக் கதவில் ஷெல்டர் என்று ஒரு போர்டு மாட்டினார்கள். அதன் கீழே, கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள்: பாதணிகளை வெளியே விடவும். மேனேஜர் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் இப்போது மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிடுகிறார். கருவாட்டுக் குழம்பு என்றால் இரண்டாம் தடவை ஊற்றச் சொல்கிறார்.

மூன்றாவது ஒத்திகையில் செத்தவர்களாக யார் படுத்தது தெரியுமா? சக்கரம் உடைந்த ஆபீஸ் நாற்காலிகள். கறுப்பு ரிப்பன் கட்டி மைதானத்தில் சாய்த்து வைத்தார்கள். ஸ்ட்ரெச்சர்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் உள்ளே இருந்தோம். நீலக்கயிறும் இருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். குண்டு வேலை நேரம் பார்த்து விழும் என்று எவன் சொன்னான்? ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறினால் ஓசூர் ரோடு முழுக்க வெட்டவெளிதான். வீட்டுக்குப் போனால் ஷீட். குண்டு செய்கிறவனுக்கும் அதை வைத்து மிரட்டுகிறவனுக்கும் என் சந்து எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரிந்திருந்தாலும் நிறுத்த மாட்டான்.

ஆனால் போன வாரம் வேலை முடிந்து வரும்போது, எங்கள் சந்து முனையில் இருக்கிற அபார்ட்மென்ட் எதிரில் நின்று பார்த்தேன். தரைக்குக் கீழே கார் நிறுத்துகிற இடம் நன்றாகப் பெரிதாகத்தான் இருக்கிறது. கெட்டிச் சுவர். சந்து முழுக்க உள்ளே வந்தாலும் பத்தும். வாட்ச்மேன் என்னை முறைத்தான். "இன்னாம்மா பாக்கற?"

"கேட்டைப் பாக்கறேன்," என்றேன்.

அவ்வளவு உயரம் இல்லை.